எலி இல்லாத எலிக்காய்ச்சல்

“வீட்டில் எலித் தொல்லை உண்டா?” என்று வைத்தியசாலையில் கேட்டார்கள். இல்லை என்றார். காய்ச்சலோடு வந்திருந்த அந்தக் கமக்காரர் பொய் சொல்லவில்லை. வீட்டில் இரண்டு பூனைகள் இருந்தன. நெல் மூட்டைகள் நிலத்தில் படாமல் பலகைமேல் அடுக்கப்பட்டிருந்தன. எலியைக் கண்ணால் கண்டு மாதங்கள் ஆகியிருந்தன. கேட்ட இளம் வைத்தியரையும் குறை சொல்ல முடியாது. நோயின் பெயரே எலிக்காய்ச்சல். எலியைப் பற்றிக் கேட்காமல் வேறு எதைக் கேட்பார்? ஆனால் அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் விலையாக ஒன்றரை நாள் போனது. அதற்குள் அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை ஏறக்குறைய நிறுத்திவிட்டன.

நான் கால்நடை வைத்தியன். மனிதரின் நோயைப் பற்றி நான் எழுதுவது அடுத்தவர் காணிக்குள் கால் வைப்பது போன்றது. ஆனாலும் இந்த நோய் எந்த வேலியையும் மதிக்கவில்லை என்பதால் எழுதுகிறேன். குடும்பத்தாரின் சம்மதத்தோடு, அவர்கள் வீடு திரும்பும்போது வைத்தியசாலை கொடுத்த அட்டையையும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு நான் அந்த வீட்டுக்குப் போய்வந்தபோது எழுதிவைத்த குறிப்புகளையும் கொண்டு எழுதியது இது. ஊரையும் வயதையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கை மாற்றவில்லை.

வீடும் வயலும்

நாற்பதுகளின் நடுவில் இருக்கும் கமக்காரர். மனைவி, 9 வயது மகள், மனைவியின் தாய் என நான்கு பேர். குளத்தின் கீழ் 4 ஏக்கர் வயல், 11 மாடுகள். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று இலங்கையின் வடக்கே வன்னியின் எந்தக் குளத்தின் கீழும் இப்படி ஒரு வீட்டைக் காணலாம். வீட்டுக்குப் பின்னால் சற்று மேடான இடத்தில் மாட்டுப்பட்டி. பட்டிக்குக் கீழே வாய்க்கால். வாய்க்காலுக்கு அப்பால் வயல். வயலுக்கும் அப்பால் காடு. இரவில் காட்டுப்பன்றி இறங்கும், சில நாட்களில் யானையும் வரும்.

இந்தக் கிடப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நோயின் கதையில் பாதி அதிலேயே இருக்கிறது.

காலபோகம் விதைத்ததும் வயலுக்குள் மாடு போக முடியாது. மேய்ச்சல் தரை என்று ஒதுக்கிய நிலம் எங்கள் பகுதியில் போதாது என்பது பழைய வழக்கு. ஆகவே ஐப்பசி தொடங்கித் தை வரை மாடுகள் பகலில் காட்டோரம் மேயும், இரவெல்லாம் பட்டியில் நிற்கும். அதுவே மழைக்காலம். கோடையில் வெயில் காய்ந்து கொன்றுவிடும் கிருமிகள் மார்கழியின் சேற்றில் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மேட்டில் பட்டி, பள்ளத்தில் வாய்க்கால். மழை பெய்யும்போது பட்டியின் சாணமும் சலமும் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

அவருக்குக் காய்ச்சல் தொடங்குவதற்கு 11 நாட்களுக்கு முன் பலத்த மழை. வரம்பு ஒன்று உடைந்தது. அரை நாள் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று மண் வெட்டிப் போட்டு அடைத்தார். காலில் பித்தவெடிப்பு, அன்று மண்வெட்டி பட்டு வலது கால் பெருவிரலின் ஓரத்திலும் சிறு காயம். வெறுங்கால். வயல் சேற்றில் முழங்கால் சப்பாத்துப் போட்டு நடந்து பார்த்தவர்களுக்கு வெறுங்காலின் காரணம் தெரியும். இரண்டாவது அடியிலேயே சப்பாத்து சேற்றுக்குள் தங்கிவிடும், கால் மட்டும் வெளியே வரும்.

அதே கிழமையில் வேறொன்றும் நடந்தது. அதை வைத்தியசாலையில் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

காய்ச்சலின் போக்கு

முதல் நாள் நடுக்கத்தோடு காய்ச்சல், தலையிடி. பனடோல் போட்டுக்கொண்டு படுத்தார். இரண்டாம் நாள் உடம்பெல்லாம் உளைவு, அதிலும் கெண்டைக்கால் இரண்டும் தொட முடியாத வலி. வரம்பு கட்டிய களைப்பு என்று நினைத்தார். மூன்றாம் நாள் ஒரு மருந்துக் கடையில் வலிக்குக் குளிசை வாங்கிப் போட்டார். இந்த இடத்தில் ஒரு சொல்: காய்ச்சலோடு உடம்பு உளையும்போது டைக்குளோபெனாக் போன்ற வலிக் குளிசை வாங்கி விழுங்குவது எங்கள் ஊர்ப் பழக்கமாகிவிட்டது. டெங்கு என்றால் அது குருதிப்பெருக்கைக் கூட்டும். எலிக்காய்ச்சல் என்றால் ஏற்கெனவே அடிபட்டுக்கொண்டிருக்கும் சிறுநீரகத்துக்கு இன்னொரு அடி. காய்ச்சலின் பெயர் தெரியும்வரை பனடோலோடு நிற்பதுதான் நல்லது.

நான்காம் நாள் தனியார் ஆய்வுகூடத்தில் குருதிப் பரிசோதனை. குருதி உறைய உதவும் சிறுதட்டுகள் 98,000. மழைக்காலம், காய்ச்சல், சிறுதட்டு குறைவு: டெங்கு என்ற சொல் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. அந்தத் தாளிலேயே இன்னொரு எண்ணும் இருந்தது. வெள்ளணுக்கள் 14,000, அவற்றுள் நியூட்ரோபில் 88 வீதம். டெங்குவில் வெள்ளணுக்கள் பெரும்பாலும் குறையும். இங்கே கூடியிருந்தன. சிறுதட்டையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது படவில்லை. கடந்த சில ஆண்டுகளில் எங்கள் மக்கள் எல்லோரும் சிறுதட்டு நிபுணர்களாகிவிட்டார்கள். பக்கத்து வரியை வாசிக்கத்தான் ஆளில்லை.

ஐந்தாம் நாள் காலை வைத்தியசாலையில் சேர்த்தார்கள். எலிக் கேள்வி அங்குதான் வந்தது. இல்லை என்றதும் எலிக்காய்ச்சல் பட்டியலின் அடிக்கு இறங்கியது. டெங்கு நோயாளியாக வைத்துக் கவனித்தார்கள். அன்று மாலையே கண்கள் சிவந்திருந்தன; பீளை இல்லை, அரிப்பு இல்லை, வெள்ளை விழி மட்டும் இரத்தம் ஊறியதுபோல் இருந்தது. ஆறாம் நாள் காலையிலிருந்து சலம் மிகக் குறைவு. போனதும் தேயிலைச் சாயம் போல. கண்ணின் சிவப்போடு மஞ்சளும் சேர்ந்துகொண்டது.

ஆறாம் நாள் மாலை விடுதிக்கு வந்த மூத்த வைத்தியர் ஒருவர் எலியைப் பற்றிக் கேட்கவில்லை. கெண்டைக்காலை மெதுவாக அழுத்தினார், நோயாளி கத்தினார். பிறகு கால் பாதங்களைத் திருப்பிப் பார்த்தார். அக்குள், இடுப்பு மடிப்பு, காதின் பின்புறம் எல்லாம் தேடினார். காடு சார்ந்த ஊரில் உண்ணிக்காய்ச்சலும் இதே முகத்தோடு வரும். சிறு பூச்சி கடித்த இடத்தில் பீடி சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு ஒன்று மறைவான இடத்தில் இருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். பொருக்கு இல்லை. “கடைசியாக எப்போது தண்ணீருக்குள் இறங்கினீர்கள்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் பதில் இருந்தது. விலங்கின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து காயத்தின் வழியே புகுவதுதான் இந்தக் கிருமி.

பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் அன்றிரவே நாளம் வழியாகப் பெனிசிலின் தொடங்கினார்கள். இது முக்கியம். கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைக் கொண்டு இந்நோயை ஐயமற உறுதிசெய்யும் பரிசோதனைக்கு இரண்டு கிழமை இடைவெளியில் இரண்டு குருதி மாதிரிகள் வேண்டும். அதுவரை காத்திருப்பவர் பிழைத்திருக்க மாட்டார். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிறியேற்றினின், குருதியில் லீற்றருக்கு 340 மைக்ரோமோலாக ஏறியிருந்தது. இயல்பு 110-ஐத் தாண்டக் கூடாது. பெரிய வைத்தியசாலைக்கு மாற்றி இருமுறை குருதிச் சுத்திகரிப்புச் செய்தார்கள். பத்தாம் நாள் சலம் போகத் தொடங்கியது. பதினேழாம் நாள் வீடு திரும்பினார். நுரையீரலில் இரத்தம் கசிந்திருந்தால் கதை வேறு விதமாக முடிந்திருக்கும். கசியவில்லை. அதற்கு யாரையும் பாராட்ட முடியாது. அவருடைய நல்ல காலம்.

இரண்டாவது மாதிரியில் எதிர்ப்பொருள் அளவு நான்கு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது எலிக்காய்ச்சல், என்பது அப்போதுதான் தாளில் உறுதியானது.

ஒரு மோட்டார் சைக்கிளில் இரண்டு திணைக்களங்கள்

எலிக்காய்ச்சல் அறிவிக்கப்பட வேண்டிய நோய். சந்தேகித்த உடனேயே வைத்தியசாலையிலிருந்து 544 என்ற படிவம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போகும். அங்கிருந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டைப் பார்க்கப் போவார். எங்கள் பரிசோதகரும் நானும் ஒரே கடையில் தேநீர் குடிப்பவர்கள். அந்தப் பழக்கம் இல்லாதிருந்தால் இந்த ஆய்வு இல்லை.

“சேர், அந்த வீட்டில் எலிவளை ஒன்றுகூடக் காணவில்லை. வயலிலும் பெரிதாக இல்லை” என்றார்.

“மாடு எத்தனை?” என்று கேட்டேன்.

“மாடா? எண்ணவில்லையே.”

கருத்தரங்குகளில் ‘ஒரே சுகாதாரம்’ என்று பேசுவார்கள். மனிதர், விலங்கு, சூழல் மூன்றையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். எங்கள் ஊரில் அது ஒரு மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் போவது. அன்று பின்னேரமே போனோம்.

வீட்டில் மனைவியும் அவருடைய தாயும் இருந்தார்கள். “அக்கா, மாடுகளுக்கு ஏதாவது வருத்தம் இருந்ததா?” என்று கேட்டேன்.

“மாடுகளுக்கு ஒன்றுமில்லை, ஐயா. நல்ல சுகம்” என்றார். சற்று யோசித்துவிட்டு, “ஒரு பசு மட்டும் கன்றைப் போட்டுவிட்டது. ஏழு மாதம் இருக்கும். இளங்கொடி விழவில்லை. இவர்தான் கையை விட்டு எடுத்தார்.”

அது வரம்பு உடைந்த கிழமை. கையுறை இல்லை. மண்வெட்டிப் பிடி பட்டுக் கொப்புளம் உடைந்த கை. போன ஆண்டும் ஒரு பசு இதேபோல் கன்றைப் போட்டதாம். இரண்டையும் நோய் என்று அவர்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஒன்றுக்குக் கண்ணூறு, மற்றதுக்குக் காட்டில் பன்றி விரட்டியது காரணம்.

இளங்கொடியை, அதாவது பசுவின் நஞ்சுக்கொடியை, உமலில் கட்டி வாய்க்கால் ஓரத்து ஆலமரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். வழக்கமான வேலைதான். பால் வடியும் மரத்தில் கட்டினால் பசுவுக்குப் பால் பெருகும் என்பது நம்பிக்கை. அதை எள்ளி நகையாட எனக்கு விருப்பமில்லை. நாய்க்கும் நரிக்கும் எட்டாத உயரத்தில் அதைத் தூக்கிவைத்த முன்னோர் ஒன்றும் அறியாதவர்கள் அல்ல. நாய் தின்றால் நோய் நாய்க்கும் போகும். சுகமான கன்றின் இளங்கொடிக்கு அந்த ஏற்பாடு போதும். சினை கலைந்த பசுவின் இளங்கொடி வேறு. அதிலிருந்து சொட்டும் நீரில் எலிக்காய்ச்சலின் கிருமியான லெப்டோஸ்பைரா இருக்கலாம், சினையைக் கலைக்கும் இன்னொரு கிருமியான புரூசெல்லா இருக்கலாம். அது மரத்தில் அல்ல, சுண்ணாம்பு போட்டு ஆழமான குழிக்குள் போக வேண்டும். கன்றும் அப்படியே. இந்த மரத்தின் கீழேதான் வாய்க்கால் தண்ணீர் ஓடியது.

11 மாடுகளிலும் குருதி எடுத்தோம். புரூசெல்லாவுக்கு ரோஸ் பெங்கால் பரிசோதனையில் எதுவும் தெரியவில்லை, அது நிம்மதி. மாதிரிகளை ஆய்வுகூடத்துக்கு அனுப்பியதில் 4 மாடுகள் லெப்டோஸ்பைராவுக்கு எதிர்வினை காட்டின. சினை கலைந்த பசுவுக்கு அளவு மிக அதிகம். நான்குமே புல் தின்றுகொண்டு, அசைபோட்டுக்கொண்டு, ஈயை வாலால் விரட்டிக்கொண்டு நின்றன.

மாட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். மாட்டின் குருதியில் இருக்கும் எதிர்ப்பொருள் கைரேகை அல்ல. பழைய தொற்றின் தடமாகவும் இருக்கலாம். அதே தண்ணீரில் காட்டுப்பன்றி புரண்டது, வயலெலி நீந்தியது, நாய் குடித்தது. எல்லா விலங்கின் சிறுநீரும் சேர்ந்த கலவையில்தான் அந்த மனிதர் அரை நாள் நின்றார். நான் சொல்வது இவ்வளவுதான்: எலியை மட்டும் தேடிப் போனவர்களுக்கு அங்கே எதுவும் கிடைக்கவில்லை. மாட்டை எண்ணியபோது கிடைத்தது.

பெயர் செய்த வேலை

இந்நோயின் கடும் வடிவத்தை 1886-இல் ஜெர்மன் வைத்தியர் அடொல்ப் வைல் விவரித்தார். கிருமியை 1915-இல் ஜப்பானில் இனடாவும் இடோவும் கண்டுபிடித்தார்கள். அவர்கள் பார்த்த நோயாளிகள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள். சுரங்கம் நிறைய எலி. உலகப் போரின் பதுங்குகுழிகளிலும் எலி. பெயர் எலியோடு ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. ஆனால் நியூசிலாந்தில் இது பாற்பண்ணைக்காரரின் நோய். பால் கறக்கும்போது மேலே தெறிக்கும் சிறுநீரால் வருவது. அங்கே மனிதரைக் காக்க அவர்கள் செய்தது மாட்டுக்குத் தடுப்பூசி போட்டது. இந்தக் கிருமியின் ஹார்ஜோ என்ற வகை மாட்டின் சிறுநீரகத்தில் குடியேறிவிட்டால், மாதக்கணக்கில், சில மாடுகளில் அதற்கும் மேலாக, சத்தமில்லாமல் வெளியேறிக்கொண்டே இருக்கும். மாட்டுக்குப் பால் திடீரென்று குறையும், பிந்திய மாதத்தில் சினை கலையும். அவ்வளவுதான் அடையாளம்.

இலங்கையில் 2008-ஆம் ஆண்டு 7000-க்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் சந்தேகிக்கப்பட்டு, ஏறக்குறைய 200 பேர் இறந்தார்கள். அப்போது அதை மழை மிகுந்த ஈரவலயத்தின் நோய் என்றே பலர் நினைத்தார்கள். 2011 தொடக்கத்தில் வெள்ளத்தின் பின் உலர்வலயத்து அனுராதபுரத்தில் பரவியபோது அந்த நினைப்பு ஆட்டம் கண்டது. 2024 டிசம்பரில், பெங்கல் புயல் கொண்டுவந்த வெள்ளத்தின் பின் யாழ்ப்பாணத்தில் சிலரைக் கொன்ற காய்ச்சலுக்கு முதலில் ‘மர்மக் காய்ச்சல்’ என்று பெயர் வைத்தார்கள்; பரிசோதனையில் அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. வெள்ளம் வடிந்த பிறகு வரும் காய்ச்சலுக்கு எங்கள் பகுதியில் இனி மர்மம் என்று பெயர் வைக்கக் கூடாது.

தேடாமல் கண்டது

அந்த வீட்டில் எங்கள் வேலை முடிந்தது. தேநீர் வந்தது. மகள் பள்ளிக்கூட உடுப்போடு கதவருகில் நின்றாள். வலது கையின் சுட்டுவிரல் நுனியில் சிறு தழும்பு, ஆறிவிட்டது. பரிசோதகர் சும்மா கேட்டார். “என்ன பிள்ளை, கையில்?”

“குட்டி கடித்தது.”

“குட்டி எங்கே?”

“செத்துவிட்டது.”

அந்த ஒரு சொல்லோடு தேநீர் கீழே போனது. இரண்டரை மாத நாய்க்குட்டி. சந்தியில் நின்றதைப் பிள்ளை தூக்கி வந்திருந்தாள். ஊசி எதுவும் போடவில்லை. இறப்பதற்கு முன் மூன்று நாள் சாப்பிடவில்லை, வாயிலிருந்து நீர் வடிந்தது, குரல் கரகரத்தது, விளக்குமாற்றையும் கட்டில் காலையும் கடித்தது. தொண்டையில் மீன்முள் சிக்கிவிட்டது என்று அம்மம்மா வாயைத் திறந்து விரலை விட்டுப் பார்த்திருக்கிறார். நான்கு நாட்களுக்கு முன் வாழையடியில் புதைத்துவிட்டார்கள்.

“விசர்நாய் இல்லை, ஐயா. சின்னக் குட்டி. கடித்ததும் இல்லை, விளையாட்டுக்குப் பல் பட்டது” என்றார் அம்மம்மா.

இங்கேயும் பெயர்தான் குறுக்கே நின்றது. விசர்நாய்க்கடி என்ற சொல்லைக் கேட்டதும் மனம் வரைவது வீதியில் நாக்கைத் தொங்கப்போட்டு ஓடும் பெரிய நாயை. இந்தக் குட்டி அந்தச் சொல்லின் எந்தப் பகுதியிலும் அடங்கவில்லை: விசர் போல் இல்லை, நாய் என்று சொல்லும் அளவுக்கு வளரவில்லை, கடி என்று சொல்லும் அளவுக்குக் கடிக்கவும் இல்லை. ஆனால் சாப்பிடாமை, உமிழ்நீர், குரல் மாற்றம், கண்டதைக் கடித்தல், சில நாட்களில் சாவு என்ற வரிசை எனக்கு நன்கு தெரிந்த வரிசை. மாட்டிலும் இதே பொறி உண்டு. தண்ணீர் விழுங்க முடியாமல் எச்சில் வடிய நிற்கும் மாட்டைக் கண்டால், கிழங்கு ஏதோ சிக்கிவிட்டது என்று கையை உள்ளே விடுவார்கள். விசரின் தொடக்கமும் அப்படித்தான் இருக்கும். கால்நடை வைத்தியர்களாகிய நாங்களே அந்தப் பொறியில் கை வைப்பதுண்டு.

குட்டியின் தலையை எடுத்து ஐஸில் வைத்துக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பியிருந்தால் விடை கிடைத்திருக்கும். நான்கு நாள் ஈரமண்ணில் கிடந்த தலையில் பார்க்க என்ன மிஞ்சும்? விடைக்குக் காத்திராமல் பிள்ளையையும் அம்மம்மாவையும் அன்றிரவே வைத்தியசாலைக்கு அனுப்பினோம். விரல் நுனி நரம்புகள் செறிந்த இடம். தழும்பு சிறியதாக இருந்தாலும் அதைப் பெரிய காயமாகத்தான் கணக்கெடுப்பார்கள். ஆகவே பிள்ளைக்கு, ஒவ்வாமை உண்டா என்று தோலில் சோதனை ஊசி போட்டுப் பார்த்துவிட்டு, கிருமியை உடனே எதிர்க்கும் சீரமும், அதோடு தடுப்பூசியும். அம்மம்மாவின் விரலிலும் பாக்கு வெட்டிய கீறல் இருந்தது; அவருக்கும் ஊசி தொடங்கினார்கள். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பிறகு ஒரு மாதம் கழித்து. அரசாங்க வைத்தியசாலையில் எல்லாம் இலவசம்.

கடித்து ஒரு கிழமை ஆகிவிட்டதே, இனிப் பயன் உண்டா என்று தாய் கேட்டார். உண்டு. விசர்க் கிருமி நரம்பு வழியாக மெதுவாக மூளைக்குப் போகும். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் எடுக்கும். அது போய்ச் சேருமுன் ஊசி போட வேண்டும். போய்ச் சேர்ந்து, தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகத் தொடங்கிவிட்டால் எந்த வைத்தியமும் இல்லை. கடித்த உடனே சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவியிருக்க வேண்டும். இவர்கள் மஞ்சள் பூசியிருந்தார்கள்.

1973-இல் இலங்கையில் இந்நோயால் 377 பேர் இறந்தார்கள். இப்போது ஆண்டுக்கு இருபது முப்பது பேர். நாய்களுக்கு ஊசி போட்டதும் மனிதருக்கு ஊசி கிடைப்பதும் சாதித்தது அது. மிஞ்சியிருக்கும் அந்த இருபது முப்பதில் ‘சின்னக் குட்டிதானே’ என்று விட்டவர்கள் இருக்கிறார்கள். கட்டாக்காலி நாய்கள் மட்டுமல்ல. கீரி, நரி, குரங்கு, வளர்க்கும் பூனை, எதன் பல் பட்டாலும் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

அன்று நாங்கள் போனது எலிக்காய்ச்சலுக்காக. பிள்ளையின் விரலைப் பரிசோதகர் கேட்டது எந்தப் படிவத்திலும் இல்லாத கேள்வி.

அஞ்ச வேண்டாதவை

செய்தி ஊரில் பரவியதும் மறுபக்கக் குழப்பம் வந்தது. மாட்டுப்பால் வேண்டாம் என்று சிலர் நிறுத்தினார்கள். ஒருவர் தன் மாடுகளை அரை விலைக்கு விற்கப் பார்த்தார். என் கைபேசி ஒரு கிழமை ஓயவில்லை.

பொங்கக் காய்ச்சிய பாலில் லெப்டோஸ்பைராவும் இல்லை, புரூசெல்லாவும் இல்லை. பச்சைப்பால்தான் வேண்டாம். மாட்டுக்கு வரும் தோல் கழலை நோய் 2020-இல் வடக்கில் தலைகாட்டியபோது மக்கள் அதை அம்மை என்றார்கள். அம்மை என்றதும் பிள்ளைகளைப் பட்டிப்பக்கம் விடவில்லை. அது மனிதருக்கு வராது. கால் வாய் நோய்க்கும் மனிதர் அஞ்ச வேண்டியதில்லை. பன்றிக்காய்ச்சல் என்ற ஒரே பெயரில் இரண்டு நோய்கள் உலவுகின்றன. 2009-இல் உலகைச் சுற்றியது மனிதரிலிருந்து மனிதருக்குத் தொற்றிய சளிக்காய்ச்சல். 2024-இல் இலங்கைப் பன்றிப் பண்ணைகளைக் காலி செய்த ஆபிரிக்கப் பன்றிக்காய்ச்சலோ மனிதரைத் தொடாது. பெயரைப் பார்த்துப் பயந்தால் இப்படித்தான்: வராததற்குப் பயப்படுவோம், வருவதைக் கவனிக்க மாட்டோம்.

2022 டிசம்பரில் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் ஒரே இரவில் விறைத்து இறந்ததை வன்னியில் யாரும் மறக்கவில்லை. கொள்ளை நோய் என்று ஊர் நடுங்கியது. இறைச்சியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகத் தடை வந்தது. வெட்டிப் பார்த்ததில் காரணம் குளிர் அதிர்ச்சி. தடை போட்டது பிழையில்லை. காரணம் தெரியாமல் இறந்த விலங்கை யாரும் தின்னக் கூடாது. வேட்டை இறைச்சிக்கும் இதுவே என் பதில். வாங்குபவருக்கு அந்த விலங்கு எப்படி இறந்தது என்று தெரியாது, உரித்தவரின் கையில் காயம் இருந்ததா என்றும் தெரியாது.

செய்ததும் செய்ய முடியாததும்

எதிர்வினை காட்டிய நான்கு மாடுகளுக்கும் ஒக்சிடெற்றாசைக்கிளின் போட்டோம். கிருமி வெளியேறுவதை அது குறைக்கும். மருந்து உடலில் நிற்கும் நாட்களில் பாலை விற்காமல், குடிக்காமல் கொட்டிவிடச் சொன்னோம். பட்டியை மேட்டிலிருந்து மாற்றுவதுதான் பெரிய வேலை. வீட்டின் மறுபக்கம், வாய்க்காலுக்கு எதிர்ச் சரிவில், உறவினர்கள் சேர்ந்து இரண்டு நாளில் மாற்றிக் கொடுத்தார்கள். பழைய பட்டியடி வெயிலில் காயட்டும் என்று அப்படியே விட்டோம். எந்த மருந்தையும்விட அந்த வெயிலை நம்புகிறேன்.

அயலில் வயலுக்கு இறங்கும் எல்லோருக்கும் நோய் வராமல் தடுக்கக் கிழமைக்கு ஒரு முறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் கொடுக்கப் பரிசோதகர் ஏற்பாடு செய்தார். அதை வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டி, அடுத்த கிழமை நிறுத்தியவர்கள் பலர். சாப்பிட்ட பின், நிறையத் தண்ணீரோடு, உடனே படுக்காமல் போட வேண்டும் என்பதைக் குளிசையோடு சேர்த்துச் சொல்ல மறந்தது எங்கள் பிழை. கர்ப்பிணிகளுக்கும் சிறுவருக்கும் அது கொடுப்பதில்லை. அவர்களைத் தண்ணீருக்கு வெளியே வைப்பதுதான் வழி.

சப்பாத்துப் பற்றி நான் பேசுவதை விட்டுவிட்டேன். வயலுக்கு இறங்குமுன் வெடிப்பிலும் காயத்திலும் நீர் புகாத பிளாஸ்ரர் ஒட்டுவது, கரையேறியதும் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரத்தோடு கழுவுவது, காய்ச்சல் வந்தால் “நான் தண்ணீருக்குள் நின்றேன், என்னிடம் மாடு இருக்கிறது” என்று கேட்காமலேயே வைத்தியரிடம் சொல்வது. இவற்றைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

நோயாளி அந்தப் போகத்தின் அறுவடைக்கு இறங்கவில்லை. சிறுபோகத்துக்கு இறங்கினார்; கிறியேற்றினின் இயல்புக்குத் திரும்பியிருந்தது. பிள்ளைக்கும் அம்மம்மாவுக்கும் ஊசிகள் முடிந்தன. பிள்ளையின் கடைசி ஊசி இல்ல விளையாட்டுப் போட்டி நாளில் விழுந்ததால் அவள் என்னோடு சில காலம் பேசவில்லை.

அடுத்த மார்கழியில் ஒரு காலை மனைவியிடமிருந்து தொலைபேசி வந்தது. இன்னொரு பசு, எதிர்வினை காட்டாத ஒன்று, எட்டாம் மாதத்தில் கன்றைப் போட்டிருந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் பசுவைத் தனியாகக் கட்டி, இடத்தைச் சுற்றி முள்ளு வெட்டிப் போட்டிருந்தார். கன்றும் இளங்கொடியும் யூரியாப் பைக்குள், நிழலில், நாய் எட்டாதபடி. மாதிரி எடுக்க வேண்டும் என்று புதைக்கவில்லை.

“வெறுங்கையால் தொட்டீர்களா, அக்கா?”

“இல்லை, ஐயா. கடைப் பையைக் கையில் மாட்டிக்கொண்டுதான் தூக்கினேன்.”

“பை கிழியவில்லையா?”

“கிழிந்தது. அதற்கு மேல் இன்னொன்று மாட்டினேன்.”